மூன்று தண்ணீர் கழுவிய மால்ட்

ஹூஸ்டனிலிருந்து ஆஸ்டினுக்குப் போகிற வழியில், வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்கான சாமான் கடை. கராஜில் நான் மூன்று தடவை காய்ச்சியதும் வெறும் தண்ணீர். இனி கராஜைக் காலி செய்யவேண்டும் என்பது கூடவே வந்திருக்கும் மனைவியின் தீர்ப்பு.

தாடிக்காரக் கடைக்காரர் செய்முறை கேட்கிறார். முளைகட்டிக் காயவைத்து உடைத்த பார்லியை, அதாவது மால்ட்டை, அரிசி மாதிரி மூன்று தண்ணீர் கழுவி, கழுவிய நீரைக் கொட்டிவிட்டுத்தான் ஊறவைப்பேன் என்கிறேன், பெருமையாக.

அவர் சிரிக்கவில்லை. தான் காய்ச்சிய பீரை ஒரு கிளாஸ் ஊற்றித் தருகிறார். “கழுவவே கூடாது. மாவுச்சத்தெல்லாம் அந்தத் தண்ணியோட போயிடும். நீங்க கொட்டினதுதான் பீர்” என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்கிறார்.

மனைவிதான் வெடித்துச் சிரிக்கிறாள். “எங்க கொட்டினீங்க? அத்தனையும் என் கறிவேப்பிலைச் செடிக்குல்ல ஊத்தினீங்க! அதான் அது அப்படித் தழைச்சு ஆட்டம் போடுது!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளே ஒரு மால்ட் பையைத் தூக்கிக் கவுன்ட்டரில் வைக்கிறாள்.

“இந்தத் தடவை செடிக்குக் கிடையாது.”