கர்னல் மாற்றப் போன ஊர்கள்

‘உன்னோடு இன்னார் இன்னார் இருக்கிறார்கள்’ என்று மெஷினுக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். எழுதிக் கொடுக்காத ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் அதற்குத் தெரியாது.

எண்பதுகளின் பின்பாதியில் சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியராக இருந்தேன். மில்களிலும் ஆலைகளிலும் அப்போதுதான் பீரோ உயரத்துக்குப் பெட்டிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றை ஓட்டுகிற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நடுவில் கர்னல் என்று ஒரு புரோகிராம் இருக்கும். புதிதாக ஒரு டிஸ்க் மாட்டினால் அது எந்த ரகம், எந்த முகவரியில் இருக்கிறது, எவ்வளவு பெரிசு என்பதையெல்லாம் அதற்கு எழுதிக் கொடுத்து, கர்னலை முழுசாக மறுபடி கட்டி, மெஷினை நிறுத்தி ஏற்ற வேண்டும். ஓர் எழுத்துப் பிசகினால் மெஷின் எழுந்திருக்காது. சில சமயம் எழுந்துவிடும், அது இன்னும் மோசம். டவுன் பஸ்ஸில் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு போய், ஏசி அறையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு நடுங்கினவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் என்னை நம்பிக்கொள்ளுங்கள்.

காலிப் பெட்டி

ராசிபுரம் தாண்டி ஒரு ஜவ்வரிசி ஆலை. அவர்கள் கேட்டிருந்தது இரண்டு டிஸ்க், வந்து சேர்ந்தது ஒன்று. இன்னொன்று எப்படியும் வரப்போகிறதே என்று கர்னலில் இரண்டு பேரையும் சேர்த்தே எழுதி மெஷினை ஏற்றினேன். முதல் டிஸ்க் தயார் என்று திரையில் வந்தது. அடுத்த வரியில் இரண்டாவதும் தயார் என்று வந்தது. பெட்டியில் இரண்டாவது டிஸ்குக்கான இடம் காலியாக, உள்ளே விரலை விட்டால் தகடு தட்டுப்படும்படி இருந்தது.

பக்கத்தில் நின்ற ஆலை முதலாளி செங்கோடன் குனிந்து அந்தக் காலி இடத்துக்குள் கையை விட்டுத் துழாவினார். ஜில்லென்று காற்றுதான் வந்தது. “உள்ள என்ன இருக்குதுன்னு கேளுங்க அம்முணி” என்றார். கேட்டேன். அந்த வெறும் காற்று, அவருடைய ஆலைக் கணக்கை முதலிலிருந்து வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தது. அப்படியே விட்டு அதில் எதையாவது எழுதியிருந்தால் இருக்கிற கணக்கும் அழிந்திருக்கும்.

மெஷினை நிறுத்தி, டிஸ்கைக் கழற்றிப் பார்த்தால், டிஸ்குக்கு முகவரி கொடுக்கிற ஒரு சின்ன பின் இடம் மாறி உட்கார்ந்திருந்தது. அதனால் முதல் டிஸ்கே இரண்டு பேருக்கும் குரல் கொடுத்திருக்கிறது. பின்னைச் சரியாக வைத்து, கர்னலிலிருந்து இரண்டாவது பேரை எடுத்து, மறுபடி ஏற்றினேன். எல்லாவற்றையும் விளக்கியும் சொன்னேன். செங்கோடன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “உச்சி வெயில்ல பேரச் சொல்லிக் கூப்புட்டா, காத்து கருப்பா இருக்குமுன்னு மூணு தடவைக்கு முன்னால ஏன்னு கேக்கப்படாதுங்க. உங்க மிசினு மொதத் தடவையே கேட்டுப்போடுச்சே!”

தட்டுகிற சத்தம்

பரமத்தி வேலூரில் வாழைத்தார் வியாபாரிகள் சேர்ந்து ஓர் அலுவலகம் வைத்திருந்தார்கள். அங்கே கம்ப்யூட்டர் அறைக்குள்ளிருந்து யாரோ தட்டுகிறார்கள் என்று தகவல் வந்தது. போய்ப் பார்த்தால் நிலைப்படியில் எலுமிச்சம்பழம், குங்குமம், கற்பூரம் எரிந்த கறுப்பு. கணக்கர் நல்லதம்பி வாசலோடு நின்றுகொண்டார். “நீங்க போங்க, நான் இங்கயே இருக்கறனுங்க.” உள்ளே உட்கார்ந்து காத்திருந்தேன். வெளியே ரோட்டில் கரூர் பஸ் போகிறது, ஜன்னல் நிறைய வெயில். இருந்தாலும் அந்தச் சத்தம் வந்தபோது நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். டொக். டொக், டொக். அப்புறம் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி ஓர் இடைவெளி. மறுபடி டொக்.

எனக்கு முன்னால் வந்த எங்கள் ஆள், பெரிய ரக டிஸ்குக்கான அளவை இந்தச் சின்ன டிஸ்குக்கு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். டிஸ்க் நிறைய நிறைய, இல்லாத இடத்தைத் தேடிக்கொண்டு அதன் படிக்கும் முனை விளிம்பு வரைக்கும் ஓடி, சுவரில் முட்டி, திரும்பி வந்து மறுபடி முட்டியிருக்கிறது. இருக்கிறதையெல்லாம் டேப்பில் எடுத்து வைத்துவிட்டு, அளவைத் திருத்திக் கர்னலைக் கட்டி ஏற்றினேன். சத்தம் நின்றது. நல்லதம்பி வெகுநேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். அவர் முகம் தெளியவில்லை. “தட்டிட்டிருந்த வரைக்கும் பரவால்லீங்க அம்முணி. இப்ப நின்னுபோச்சுன்னா, கதவு தொறந்துக்கிச்சுன்னு அர்த்தமுங்களா?”

மில்லில் ஒரு பழைய சாயங்காலம்

இது திருச்செங்கோட்டுச் சாலையில் ஒரு நூல் மில்லில் நடந்தது. பொன்னுசாமி என்கிற டைம்கீப்பர் அங்கே ஆட்களின் வருகையைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது லாரி மோதி இறந்துபோனார். அன்றோடு நின்ற மெஷினை யாரும் தொடவில்லை, கொஞ்ச நாளில் புது டிஸ்க் வந்தது. இனிமேல் புதியதிலிருந்தே ஏற வேண்டும் என்று கர்னலில் எழுதிவிட்டு வந்தேன். பழைய டிஸ்க் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மானேஜர் சொன்னதால் அது பெட்டியிலேயே கிடந்தது.

மழைக்காலத்தில் ஒருநாள் கரண்ட் போய் வந்ததும், பொன்னுசாமியின் இடத்தில் வேலை பார்த்த மாரப்பன் போன் செய்தார். நாள் தப்பாக வருகிறது, உடனே வாருங்கள் என்றார். போனேன். திரையில் இருந்தது பொன்னுசாமி செத்த நாள். அவர் பாதியில் விட்ட வருகைப் பட்டியல் அப்படியே வந்து நின்றது, அவருடைய பேருக்கு நேரே ‘ஆஜர்’ என்று அவரே போட்டிருந்தார். நடந்தது எனக்கு விளங்கிவிட்டது. கரண்ட் வந்தபோது புது டிஸ்க் வேகம் பிடிக்கத் தாமதித்திருக்கிறது, மெஷின் முந்திக்கொண்ட பழைய டிஸ்கிலிருந்து ஏறிவிட்டது. அந்தப் பழைய கர்னலுக்குப் புது டிஸ்க் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அந்த மெஷினில் தனியாகக் கடிகாரமும் கிடையாது, டிஸ்கில் கடைசியாக எழுதின நேரத்திலிருந்துதான் எண்ண ஆரம்பிக்கும்.

விளங்கினாலும் என்ன? திரையின் மூலையில் நேரம் நகர்ந்துகொண்டே இருந்தது. அந்த நாளின் ஷிப்ட் முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. மாரப்பன் பொன்னுசாமியோடு ஒரே தெருவில் வளர்ந்தவர், மொபெட் வைத்திருந்தார். அவர் கண்ணை அந்த மூலையை விட்டு எடுக்கவில்லை. அவர் கேட்டதைச் செய்ய விட்டேன், அவர் தட்டி முடித்ததும் நிறுத்தி, பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றினேன். நான் சுவிட்சில் கை வைத்தபோது அவர் கேட்டது இதுதான்: “நிறுத்தாதீங்க அம்முணி. அவன் இன்னும் ஊட்டுக்குக் கெளம்பலீங்க. சைக்கிள்ல போவாதே, நான் கூட்டிட்டுப் போறேன்னு ஒரே ஒரு வரி அடிச்சு வெச்சுக்கறனுங்க.”

எடப்பாடியில் ஒரு நாற்காலி

எடப்பாடியில் சண்முகம் என்கிற விசைத்தறிக்காரர். முன்பக்கம் வீடு, பின்பக்கம் தறிக்கூடம், நடுவில் கம்ப்யூட்டர் அறை. புது டேப் ஒன்று மாட்டி, போன வருஷமே பழுதாகித் தூக்கிப்போட்ட டிஸ்கின் பேரைக் கர்னலிலிருந்து எடுக்க வேண்டும். அன்று காலையில்தான் ‘இன்றைக்குக் கர்னல் மாற்ற ஆள் வருகிறது’ என்று எங்கள் ஆபீஸிலிருந்து போன் பண்ணிச் சொன்னார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது முன்னறையில் ஒரு நாற்காலியைத் துடைத்து, மேலே வெளுத்த துண்டு விரித்து, பக்கத்தில் செம்பில் தண்ணீர் வைத்திருந்தார்கள். சண்முகத்தின் அம்மா பாவாயி கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். “கர்னலு பின்னால வாராருங்களா சாமி?”

அவருடைய இளைய மகன் தங்கவேலு பட்டாளத்தில் இருந்தவர். மலையில் பனிச்சரிவில் போய்விட்டதாகச் சொன்னார்கள், உடம்பு கிடைக்கவில்லை. என்றைக்காவது கர்னல் மாதிரி பெரிய பட்டாளத்து ஆபீசர் ஒருவர் நேரில் வந்து உள்ளதைச் சொல்லுவார் என்று இந்த அம்மா இருந்திருக்கிறார். நான் எழுதுகிற கர்னல் என்பது ஆள் இல்லை, மெஷினுக்குள் இருக்கிற ஒன்று என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் அழவில்லை. என் பின்னாலேயே வந்து அறையில் தரையில் உட்கார்ந்தார். வேலை முடிகிற கட்டத்தில், பழைய பேரை எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை சும்மா ஏற்றிப் பார்த்தேன். திரையில் வரி வரியாக வந்ததை, என்னவென்று கேட்டார். படித்துச் சொன்னேன். இது டிஸ்க், இருக்கிறது. இது டேப், இருக்கிறது. அடுத்தது தூக்கிப்போட்ட டிஸ்க். மெஷின் அதைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தது. பிறகு, பதில் இல்லை என்று போட்டது.

“நாளைக்கும் கூப்புடுமுங்களா?” என்றார். பேர் எழுதியிருக்கிற வரைக்கும் ஒவ்வொரு தடவையும் கூப்பிடும் என்றேன். “அதைத்தான் எடுக்க வந்தீங்களா?” என்றார். இன்றைக்கு எடுக்கவில்லை என்று சொல்லி, அந்த வரியை அப்படியே விட்டு மூடினேன். புறப்படும்போது வாசலில் சண்முகத்திடம், எங்கள் போனால்தான் அம்மாவுக்கு இப்படி ஆகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: “உங்க போனு இன்னைக்குக் காலையிலதானுங்க வந்துச்சு. அம்மா நேத்து மத்தியானமே நாற்காலியத் தொடச்சுப் போட்டாச்சு. கர்னலு வாராருன்னு தங்கவேலு வந்து சொல்லிட்டுப் போனானாமுங்க.”

அடுத்த வருஷம் என்னைச் சென்னைக்கு மாற்றினார்கள். அங்கே எந்த மெஷினும் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை, உயிரோடு இருக்கிற வாடிக்கையாளர்கள்தான் காலையிலேயே போனில் கூப்பிட்டு, மெஷின்தான் ஓடுகிறதே, உங்களுக்கு எதற்குக் காசு என்று சண்டை பிடித்தார்கள், அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.