கழியில் உட்கார்ந்த சம்பந்தம்

எங்கள் ஊர் ஒரு மணல் திட்டின் நுனியில் இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே பிச்சாவரத்து உப்பங்கழி, தெற்கே முகத்துவாரம். அந்தத் துண்டு மணலில் நாலு ஊர். வடக்கூர்க்காரர்களுக்குத் திமிர் ஜாஸ்தி என்று நாங்கள் சொல்வோம், எங்களுக்குத்தான் என்று அவர்கள் சொல்வார்கள். சைக்கிள் மிதிக்கிற தூரத்துக்குள் இவ்வளவு கௌரவத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் டவுனில் மஞ்சக்குப்பம். பூர்வீகம் கடலோரத் தேவனாம்பட்டினம்தான், மாடி வீடு கட்டியதும் கடலை மறந்துவிட்டார்கள். மாப்பிள்ளையும் நானும் சிதம்பரத்தில் ஒரே கல்லூரி. அவரைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை. இரண்டு வீட்டிலும் இது தெரியும், தெரியாத மாதிரி நடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு மேல் நல்ல நேரம் என்று காலண்டரைப் பார்த்துச் சொன்னவர் என் மாமா. ஆயுசு முழுக்கத் தண்ணீர் ஏறுவதையும் வற்றுவதையும் பார்த்தே படகு விட்ட மனிதர், அன்றைக்குக் காலண்டரை மட்டும் பார்த்தார். தண்ணீர் வற்றி, அவர்கள் வந்த படகு நடுக்கழியில் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. உள்ளே பட்டுப்புடவைகள், பழத்தட்டுகள், மாப்பிள்ளை.

நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் வீட்டில் கால் வைக்காவிட்டால் அபசகுனம் என்று அப்படியே திரும்பிவிடுவார்கள். கரையில் இரண்டு ஊர் ஆண்களோ, படகு நிற்பது எங்கள் எல்லையா வடக்கூர் எல்லையா என்று பஞ்சாயத்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வடக்கூர் தண்ணியிலதான நிக்குது. அவுங்களே வந்து தள்ளட்டும்" என்றார் மாமா.

"தண்ணி எங்க மாமா இருக்கு?" என்றேன்.

கூப்பிட்ட பிறகுதான் பெண் வெளியே வர வேண்டும், அதுவும் காபித் தட்டோடு. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கழியில் இறங்கினேன். முழங்கால் வரை சேறு. கல்யாணப் பெண்ணே இறங்கிவிட்டாள் என்றதும் மானம் போகிறதே என்று இரண்டு ஊரும் பின்னால் இறங்கின. மாப்பிள்ளை மட்டும் இஸ்திரிச் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்தார். முறைத்தேன். குதித்துவிட்டார்.

கரை சேர்ந்தபோது மணி நாலேகால். மாப்பிள்ளையின் அம்மா என் தோளைப் பிடித்து இறங்கினார். செருப்பு ஒன்று சேற்றோடு போயிற்று. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"இன்னொரு வாட்டி எங்களால இங்க வர முடியாதும்மா" என்றார். "நீயே எங்க வூட்டுக்கு வந்துடு."