கடலுக்கு எண்பத்தாறு கிலோமீட்டர்

அப்பா லிஃப்ட் ஆபரேட்டர். ஏழு மாடி அலுவலகக் கட்டடத்தில் முப்பத்தொரு வருடம், நாலடிக்கு நாலடிப் பெட்டிக்குள் ஒரு ஸ்டூல். சிநேகிதர்கள் அவரை 'மேலகீழ' என்றுதான் கூப்பிடுவார்கள். "மேலயும் கீழயும் போனது போதும்டா. ரிட்டயர் ஆனதும் நேரா போகப் போறேன்" என்பார்.

நேராகப் போக அவரிடம் ஒரு வழி இருந்தது. இருநூறு வருடங்களுக்கு முன் ஒரு நில அளவையாளர், ஒரு நதி பிறக்கும் மலையிலிருந்து அது கடலில் சேரும் இடம் வரை நடந்தே போய் வரைபடம் போட்டார். அதன் நகல் ஐந்தாம் மாடி நூலகத்தில் அப்பாவுக்குக் கிடைத்தது. 2,400 கிலோமீட்டர். அதே வழியில் போக ஒரு புது சைக்கிள் வாங்கி வைத்தார்.

ஓய்வு பெறப் பத்து நாள் இருக்கும்போது அம்மாவுக்கு இடது கை கால் விழுந்துவிட்டது.

நான் கருவிப் பொறியாளர். வேலை வேறு ஊரில். அம்மாவின் கட்டிலருகே சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தில் தூரம் காட்டும் மீட்டர் பொருத்தினேன். "இங்கேயே ஓட்டுங்கப்பா." நல்ல தீர்வு என்று நினைத்தேன்.

தினம் மூன்று கிலோமீட்டர் ஓட்டினார். வரைபடத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். செயினுக்கு எண்ணெய் போட மாட்டார். அந்த வாடை அம்மாவுக்குக் குமட்டும். செயின் கறகறவென்று கத்தும். அம்மாவுக்கு வாய் குழறியது, கிண்டல் குழறவில்லை.

"என்னங்க, எங்க வந்திருக்கீங்க?"

"மூணாவது பாலம் தாண்டியாச்சு."

"பாலத்தைச் சுருட்டி வச்சுட்டு வாங்க. என்னைத் திருப்பிப் போடணும்."

உடனே இறங்கி வருவார்.

இரண்டு வருடத்தில் அம்மா போய்விட்டார். மீட்டரில் 2,170. பதினைந்து நாள் கழித்துச் சைக்கிளை வாசலில் இறக்கினேன்.

"மிச்சம் எரநூத்தி முப்பதுதான். அந்த இடத்துல கொண்டுபோய் விடுறேன். நிஜ ரோட்டுல போங்கப்பா."

"முதல்ல தெருமுனை வரைக்கும் போய்ப் பாக்குறேன்" என்று ஏறினார்.

தெருமுனையில் திருப்ப வேண்டும். திருப்பவில்லை. மின்கம்பத்தில் மோதி விழுந்தார். இரண்டு வருடமும் கால் மட்டும்தான் ஓடியது. ஹாண்டிலைத் திருப்ப அவசியமே வரவில்லை. ஸ்டாண்டு போட்டுக் கொடுத்தவள் நான். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

முழங்கையெல்லாம் சிராய்ப்பு. தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தார். "ரோடு நகருது பாப்பா. எனக்குப் பழக்கமில்ல." பிறகு சொன்னார்: "உள்ள கொண்டுபோய் ஸ்டாண்டு போடு."

போட்டேன். கட்டிலை எடுத்துவிட்டிருந்தோம். அந்தக் காலி இடத்தைப் பார்த்தபடியே ஓட்டினார். இனிமேல் எண்ணெய் போடலாமே என்றேன். "வேணாம், அவளுக்கு ஆகாது" என்றார்.

நாற்பத்தெட்டு நாள் ஓட்டினார். அதற்கு மறுநாள் காலை மாரடைப்பு; சைக்கிளில் இல்லை, குளியலறையில். மீட்டரில் 2,314.

போன வாரம், விற்றுவிடலாம் என்று சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மெக்கானிக் டயரைத் தடவினார். புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. செயினைத் தூக்கிப் பார்த்தார், தொங்கியது.

"என்னங்க இது? டயர் ரெண்டும் பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளை மாதிரி இருக்கு, செயின் மட்டும் பல்லு போன கிழமா இருக்கு. இந்த வண்டி எங்கதான் போச்சு?"

"கடலுக்கு எண்பத்தாறு கிலோமீட்டர் முன்னாடி வரைக்கும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, செயினை மாத்தி எண்ணெய் விட்டா யாராச்சும் வாங்கிப்பாங்க. மாத்திடட்டுமா?"

"வேணாம்."

திரும்பத் தள்ளிக்கொண்டு வந்து அதே இடத்தில் ஸ்டாண்டு போட்டேன். ஒரு நாளைக்கு மூன்று கிலோமீட்டர் என்றால் இருபத்தொன்பது நாள். அத்தனை நாள் விடுப்புக் கேட்டு அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன்.