மண்ணுக்குள் இருந்த செங்கல்

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குள் எதிர்வீட்டு அன்ரியின் ஒட்சிசன் மெஷின் நாள் முழுக்க முனகிக்கொண்டே இருக்கும். அவவுக்கு நுரையீரலில் வருத்தம். துறைமுகத்துக் கப்பல் ஊதும் சத்தமும் அந்த முனகலும் கலந்து வரும்போது, என் கட்டில் மெல்ல மிதந்து எங்கேயோ போவது போல இருக்கும்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு காலை அந்தச் சத்தம் நின்றது. அந்த அமைதிதான் என்னை எழுப்பியது. ஒழுங்கை முழுக்கக் கரன்ட் இல்லை. அன்ரியின் மகள் வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தா. கையிருப்பில் உள்ள சிலிண்டர் நாலு மணி வரைக்கும்தான் தாங்குமாம். அதற்குள் கரன்ட் வராவிட்டால் ஆஸ்பத்திரிதான். அன்ரியோ, இனி வார்டுக்குப் போனால் திரும்பி வரமாட்டேன் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இருக்கிறாவாம்.

கேபிள் வேலையாட்கள் வந்தார்கள். மண்ணுக்குள் ஓடும் கேபிளில் எங்கோ தண்ணீர் இறங்கிவிட்டது. மூலைக் கரன்ட் பெட்டிக்கும் ஒழுங்கை முடிவில் நிற்கும் மாதா சுருவத்துக்கும் நடுவில் என்று மட்டும் அவர்களுடைய கருவி காட்டியது. ஒரு முனையிலிருந்து தோண்டத் தொடங்கினார்கள்.

எனக்கு இடம் தெரியும்.

கோயில் திருவிழாவுக்கு ஒழுங்கையில் கொடிக்கம்பம் நடுவது வழக்கம். விழாக் குழுக் கூட்டத்தில் வாய் திறக்காதவன் என்பதால் குழி தோண்டும் வேலை வருடா வருடம் எனக்கு விழும். எப்போதும் தண்ணீர்க் குழாயடியில்தான் தோண்டுவேன். மழைக்கு முன் வந்த அந்த வருடத் திருவிழாவில் அங்கே ஒரு திரீவீலர் நின்றது. டிரைவர் உள்ளே கால் நீட்டித் தூங்கினார். எழுப்பக் கூச்சமாக இருந்தது. நாலு அடி தள்ளி அலவாங்கைப் போட்டேன். முழங்கால் ஆழத்தில் செங்கற்கள் வரிசையாகத் தெரிந்தன. பழைய வடிகானாக்கும் என்று ஒன்றைக் கிளப்பி எடுத்துவிட்டு, இன்னொரு குத்துக் குத்தினேன். கறுப்பாக ஒன்று, நனைந்த பாம்பின் முதுகு போல. அதில் என் குத்து விழுந்த ஒரு சின்னக் கீறல். பொறி பறக்கவில்லை, கரன்டும் போகவில்லை. மண்ணைத் தள்ளி மூடி, கம்பத்தை நட்டேன். செங்கல் என் குரோட்டன் சாடிக்குக் கீழே போனது. யாரிடமும் சொல்லவில்லை.

வேலையாட்களின் இரண்டாவது குழியிலும் ஒன்றும் கிடைக்காதபோது பத்தரை மணி. என் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் ஜன்னலில் அன்ரியின் விரல்கள் கம்பியில் அப்படியே இருந்தன. நான் எப்படி வெளியே வந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. குழாயடிக்குப் போய், நாலு அடி எண்ணி, காலால் காட்டினேன். வேலையாட்களின் தலைவர் எனக்கு எப்படித் தெரியும் என்று சிங்களத்தில் கேட்டார்.

"மம தமயி," என்றேன். நான்தான்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் அய்யே," என்றார் அரைகுறைத் தமிழில், "இப்பதானா நித்திரையால எழும்பினது?" மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

கீறல் அங்கேதான் இருந்தது, சுற்றிலும் கருகிப்போய். பெட்டியில் கரன்ட் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று திரும்பவும் பார்த்துவிட்டு, கெட்ட இடத்தை வெட்டி எடுத்தார்கள். மேலே தார்ப்பாய், அதில் மழை. உள்ளே அவர்கள் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்து, காயவைத்து, இணைத்து, ஒரு கூட்டுக்குள் வைத்துப் பிசினை ஊற்றினார்கள். தேன் போல இறங்கியது. அது இறுகும்வரை எல்லோரும் தார்ப்பாய்க்குக் கீழே ஒடுங்கி நின்றோம். கூட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் தலைவர். காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது.

மணல் போட்டு, அதன்மேல் கேபிளுக்குக் காப்பாகப் பழைய செங்கற்களைத் திரும்ப அடுக்கினார்கள். ஒன்று குறைந்தது. நான் வீட்டுக்குள் போய்ச் சாடியைத் தூக்கி வைத்துவிட்டு, கீழே இருந்த செங்கலைக் கொண்டுவந்தேன்.

"எங்கட சாமான் வேற ஏதும் வீட்டில இருக்கா?" என்று கேட்டார் தலைவர்.

செங்கலை வாங்காமல், என்னையே வைக்கச் சொன்னார். வைத்தேன். அதன்மேல் மஞ்சள் எச்சரிக்கை நாடா, பிறகு மண்.

மூன்றரைக்கு மெஷின் முனகியது. அன்ரியின் விரல்கள் ஜன்னல் கம்பியை விட்டிருந்தன. நான் கட்டிலில் விழுந்தேன்; கட்டில் மிதந்தது.

இந்த வருடமும் திருவிழாவுக்கு முதல் நாள் குழாயடியில் அதே திரீவீலர் நின்றது. அலவாங்கைச் சுவரில் சாத்திவிட்டு, டிரைவரின் காலைத் தட்டினேன்.