கடைசிப் புள்ளி

எங்கள் கல்லூரியிலிருந்து ஒருத்தியை மட்டும் பெங்களூருக்கு ஆராய்ச்சிக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு. அந்த ஒருத்தி நான்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

விருதுநகரில் எம்.சி.ஏ. கடைசி வருஷம். அனுப்பும் ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு புராஜெக்ட்: மனிதர்களிடையே ஒரு செய்தி எப்படிப் பரவுகிறது என்று கம்ப்யூட்டரில் செய்து காட்ட வேண்டும். திரையில் ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆள். யாரிடம் எப்போது பேசலாம் என்று விதி எழுதிக் கொடுத்தால் போதும், மிச்சத்தைப் புள்ளிகளே பார்த்துக்கொள்ளும். செய்தி கேட்ட புள்ளி சிவப்பாகிவிடும்.

நான் விஸ்வநத்தத்துக்காரி. எங்கள் பக்கம் வெடிச் சத்தம் கேட்டால், எந்தப் பட்டாசுக் கம்பெனி, யார் வீட்டு ஆள் என்பதெல்லாம் உடனே தெரு முழுக்கத் தெரிந்துவிடும். என் புள்ளிகளும் காதில் விழுந்ததை அக்கம்பக்கத்தில் கொட்டிவிடும். கண்மூடித் திறப்பதற்குள் திரை முழுக்கச் சிவப்பு. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

என்னோடு படிக்கும் சிநேகிதி தன் அப்பாவை அத்தா என்பாள். அத்தாவுக்கு மிளகாய் வத்தல் வியாபாரம். துண்டுக்கு அடியில் தரகரின் விரலைப் பிடித்து விலை பேசுவார், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. அவளுடைய புள்ளிகளும் அப்படித்தான், ஆள் பார்த்துப் பேசின. சுற்றி எல்லாம் சிவந்த பிறகும் அவள் திரையில் ஒரு புள்ளி மட்டும் வெள்ளையாகவே கிடந்தது.

“ஏடி, ஒன் புரோகிராம்ல என்னமோ தப்பு இருக்கு,” என்றேன். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

“தப்பெல்லாம் இல்லடி. சில ஆளுககிட்ட யாரும் சொல்ல மாட்டாக.”

எங்கள் பேராசிரியர் என் திரையை நின்றபடியே பார்த்தார். அவள் திரைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அன்றிலிருந்து அவள் சிரிப்பு பிடிக்கவில்லை, கையெழுத்து பிடிக்கவில்லை. அவள் கொண்டுவரும் பிரியாணி மட்டும் பிடித்தது.

ஒருநாள் கேண்டீன் அண்ணாச்சி டீயை நீட்டிக்கொண்டே, “ஒங்க சிநேகிதி பெங்களூரு போறாகளாமே, எங்களுக்கு இனிப்பு கெடையாதா?” என்றார். வகுப்புக்குப் போய்க் கேட்டால், எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

அவளைத் தனியாகப் பிடித்தேன். “எங்கிட்ட மட்டும் ஏன்டி சொல்லல?”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “நீ பொறாமைல வெந்துருவ, சொல்லாதன்னு எல்லாரும் சொன்னாகடி.”

என் பொறாமையைப் பற்றி நான் ஒருவரிடமும் வாயைத் திறந்ததில்லை. ஆனாலும் அது வகுப்பு முழுக்கப் பரவியிருக்கிறது. எல்லாருக்கும் தெரியும் என்ற செய்திதான் என்னிடம் கடைசியாக வந்து சேர்ந்தது. பெங்களூர் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவள் புரோகிராம் சரியாக இருந்ததைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.