நான் நறுக்கிக் கொண்டுபோன நன்றி விழா

மகளின் சாரணர் குழுவில் அமெரிக்காவிலிருந்து ஒரு பிள்ளை புதிதாகச் சேர்ந்திருந்தாள். நவம்பர் கடைசியில் தங்கள் வீட்டில் நன்றி சொல்லும் விழா நடக்கும், வான்கோழி சமைப்பார்கள் என்று அவள் சொல்ல, எங்களுக்கும் வேண்டும் என்று மற்றப் பிள்ளைகள் குதித்தார்கள். ஒரு சனிக்கிழமை காட்டில் செய்வோம், யார் ஏற்பாடு செய்வது என்று பெற்றோர் கூட்டத்தில் குழுத் தலைவி கேட்டார். எல்லோரும் தங்கள் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். டென்மார்க்கில் இருபது வருடம் இருந்தும் அந்தக் கோப்பை பார்க்கும் வித்தை எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஒரு கொப்பி வாங்கித் திட்டம் எழுதினேன். காகித இறகுகளை மரங்களுக்குள் ஒளித்து வைத்துத் தேட விடுவது. கரண்டியில் உருளைக்கிழங்கு வைத்து ஓடுவது. தடியில் மாவைச் சுற்றி நெருப்பில் பாண் சுடுவது. வான்கோழியைப் பிள்ளைகளே தள்ளிவிட்டார்கள். இங்கத்தைய நவம்பர் பண்டிகைக்கு வாத்து சாப்பிட்டு இரண்டு கிழமைதான் ஆகிறது, திரும்பவும் பறவையா என்றார்கள். ஆகவே பூசணிக்காய் சூப், என் பங்குக்குக் கொஞ்சம் பருப்பும் இஞ்சியும். கடைசியில் நெருப்பைச் சுற்றியிருந்து ஒவ்வொருவரும் ஒரு நன்றி சொல்ல வேண்டும், அது மட்டும் கட்டாயம் என்றாள் அமெரிக்கப் பிள்ளை.

என் மகளுக்கு அந்த விழாவில் வேண்டியது வேறொன்று. அவளுக்கு எட்டு வயது. குழுவில் பிள்ளைகள் சொந்தக் கத்தி வைத்திருக்க ஒரு அட்டை உண்டு, அதில் ஐந்து கையெழுத்து விழ வேண்டும். அவளிடம் நான்கு இருந்தது. ஐந்தாவது, சாப்பாட்டுக்குத் தேவையான ஏதாவது ஒன்றைத் தலைவிக்கு முன்னால் வெட்டிக் காட்டுவது. இந்தச் சனிக்கிழமை விட்டால் இனி வசந்தகால முகாம்தான், அங்கே அட்டை இல்லாதவளாகப் போய் நிற்பது அவள் ஒருத்தி மட்டும். மூன்று தடவை சொன்னாள், மூன்று தடவையும் டேனிஷில். நான் அடுப்பைப் பார்த்தபடி "ஓம், ஓம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். இரண்டு பூசணிக்காய், கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒரே அளவில் நறுக்கிப் பெட்டிகளில் அடைத்தேன். மாவைக் குழைத்துப் பன்னிரண்டு உருண்டையாக்கினேன். இறகுகளை வெட்டி நிறமும் தீட்டினேன். பாண் சுட, கடையில் மூங்கில் குச்சி ஒரு கட்டு வாங்கினேன்.

கணவர் குசினி வாசலில் நின்று பார்த்தார். "என்னப்பா, இது கலியாண வீடோ? பேசாமல் சூப்பையும் காய்ச்சிக் கொண்டு போவன்."

அதையும் யோசித்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

மகளின் அட்டையை மறந்துபோனேன் என்று இங்கே எழுதலாம். அது பொய். எங்கள் வீட்டில் அவள் வெண்ணெய்க் கத்தி தவிர வேறு கத்தி தொட்டதில்லை. காய் எல்லாம் முடிந்தால் கத்தியும் வெளியே வராது என்று உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டுதான் நறுக்கினேன்.

சனிக்கிழமை தலைவி என் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஓய்வு பெற்ற தபால்காரி, நெடிய மனுஷி, சத்தம் போடத் தெரியாதவர். "அழகாக இருக்கிறது" என்றார். பிள்ளைகள் காய் வெட்டும் பலகைகளை மடியில் வைத்துக்கொண்டு சுற்றி இருந்தார்கள். "அப்ப நாங்கள் என்ன செய்வது?" என்று ஒருவன் கேட்டான்.

மகள் என்னை ஒரு மரத்தடிக்கு இழுத்துப் போனாள். அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்தால் தமிழில்தான் வரும்.

"ஏன் எல்லாத்தையும் வெட்டினனீங்கள்? நான் சொன்னனான்தானே!"

"பிள்ளையளுக்குக் கஷ்டமா இருக்கும் எண்டு…"

"எனக்குக் கஷ்டம் வேணும்!"

வெட்கமாகப் போய்விட்டது. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். அங்கே ஒரு தாத்தா தன் சட்டைப் பொத்தானைத் தானே பூட்டட்டும் என்று பத்து நிமிடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். அதற்குச் சம்பளமும் வாங்குகிறேன்.

தலைவி என் மூங்கில் குச்சியில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "இந்தக் குட்டைக் குச்சியில் பாண் சுட்டால் பாணுக்கு முன் விரல்தான் வேகும்" என்றார். ஒவ்வொருவருக்கும் கை நீளத்தில் பச்சைத் தடி வேண்டும், வெட்டி, பட்டை உரித்து, நுனி சீவ வேண்டும். "தடி இல்லாமல் பாண் இல்லை. பாண் சாப்பாடுதானே?" என்று மகளைப் பார்த்துக் கேட்டு, தன் கத்தியை நீட்டினார்.

கத்தியை உறையிலிருந்து எடுக்குமுன் கையை நீட்டி ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவது அவர்கள் விதி. கை யாரிலும் படக்கூடாது. மகள் சுற்றினாள். விரல் என் கோட்டில் தட்டியது.

"அம்மா, தள்ளி நில்லுங்கோ."

ஒரு அடி வைத்தேன். திரும்பவும் சுற்றினாள். திரும்பவும் தட்டியது. இவள் கை எப்போது இவ்வளவு நீண்டது?

"இன்னும் கொஞ்சம்."

நின்ற இடத்திலிருந்து அவள் முகம் சரியாகத் தெரியவில்லை, கத்தி மட்டும் தெரிந்தது. தன்னிலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாக, நாக்கைக் கடித்தபடி சீவினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தடி கோணல், நுனி மொட்டை. தலைவி தடவிப் பார்த்து ஐந்தாவது கையெழுத்தைப் போட்டார்.

சூப் நன்றாகவே வந்தது, அதை ஒருவரும் கவனிக்கவில்லை. இருட்டத் தொடங்க, அமெரிக்கப் பிள்ளை நன்றிச் சுற்றை ஆரம்பித்தாள். ஒருவன் தன் நாய்க்கு நன்றி சொன்னான். ஒருத்தி திங்கட்கிழமை பல் வைத்தியரிடம் போகத் தேவையில்லை என்பதற்குச் சொன்னாள். மகளின் முறை வந்தது. டேனிஷில் தலைவிக்குச் சொன்னாள். பிறகு எழுந்து நின்று, கைகளை நேராக விட்டு, தமிழ்ப் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் நிற்பதுபோல என்னைப் பார்த்தாள். நன்றி என்பது வீட்டில் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லாத சொல், மேடையில் மட்டுமே அவளுக்குப் பழக்கம்.

"அம்மா, நீங்கள் தள்ளி நிண்டனீங்கள். நன்றி, வணக்கம்."

என்ன சொன்னாள் என்று தலைவி என்னிடம் கேட்டார். சூப்புக்கு உப்புக் காணாதாம் என்றேன்.