நைட்டிக்குள் பட்டு

நித்யஸ்ரீக்கு உடுத்தத் தெரியாது என்று சொல்கிறவர்கள் அவளைக் கல்லூரியில் பார்க்காதவர்கள். இன்றைக்கு அவள் துப்பட்டாவை எப்படிப் போட்டாளோ, அடுத்த வாரம் வகுப்பே அப்படிப் போட்டுக்கொண்டு வரும். அந்தப் பவிசெல்லாம் வளவன் பிறக்கும் வரைக்கும்தான். அவனுக்கு இப்போது நாலு வயது. பின்னாலேயே வந்த யாழினிக்கு ஒன்றரை. துண்டு என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பதே இரண்டுக்கும் தெரியாது. மூக்கானாலும் வாயானாலும் துடைக்க அம்மா போதும். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போகும் அப்பா மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவதால், அவர் சட்டை மட்டும் தப்பித்துக்கொண்டிருந்தது.

அதற்காக அவள் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. சேலை எடுத்தால் உடம்பெல்லாம் பூப்போட்டதாக எடுப்பாள். பூவோடு பூவாகப் பருப்புக்கறையும் கிடந்துவிட்டுப் போகட்டும். கொசுவத்தை முந்தின நாளே மடித்துக் கிளிப் மாட்டி வைத்துவிடுவாள். தாலிக்கொடியில் எந்நேரமும் நாலு ஊக்கு தொங்கும். இவற்றையெல்லாம் தூக்கி அடிப்பது நைட்டி வித்தை. விசேஷ வீட்டுக்குப் பட்டுக் கட்டி முடித்ததும், அதற்கு மேலே தொளதொளவென்று ஒரு நைட்டியை மாட்டிக்கொள்வாள். பிள்ளைகளுக்கு ஊட்டி, கழுவி, சட்டை போட்டுவிட்டு, கிளம்புகிற நொடியில் நைட்டியைக் கழற்றி எறிவாள். இத்தனை பெரிய கண்டுபிடிப்பை ஊரில் ஒருத்தரும் பாராட்டவில்லை.

இப்படி இருக்கையில் தம்பி சபரிநாதனுக்குத் திருச்செங்கோட்டில் கல்யாணம் வந்தது. அவர்கள் வழக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ புதுப்பட்டு உடுத்தி, கல்யாணப்பெண்ணுக்குச் சமமாக அலங்கரித்துக்கொண்டு, கூறைச்சேலைக் கூடையோடு அவன் பக்கத்தில் நிற்பாள். கூடப் பிறந்தவளுக்கு வாழ்நாளில் ஒரே தடவை கிடைக்கிற இடம் அது. தம்பியை இடுப்பில் தூக்கித் தூக்கியே இடுப்பு கோணிப்போனவள் நித்யஸ்ரீ. அந்த இடத்தின் மேல் அவள் உயிரையே வைத்திருந்தாள்.

பெரியப்பா மகள் சித்ராவும் அக்கா முறைதான். கட்டின சேலை சாயங்காலம் வரை கசங்காத ஜாதி. “நீ ரண்டு புள்ளைங்கள வெச்சுட்டு எப்பிடிம்மா நிப்பே? நானே நின்னுக்கறேன்” என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்புதான். ஆனாலும் கேட்கும்போதெல்லாம் நித்யஸ்ரீக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாணத்தன்று காலையில், இளம்பிள்ளை ஊர்த் தறியில் எடுத்த மாம்பழநிறப் பட்டில் அவளைப் பார்த்த அம்மா சென்னியம்மாள் நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தாள். கண்ணாடியைப் பார்த்து, ஐந்து வருஷம் கழித்துத் தன்னையே அடையாளம் கண்டுகொண்டாள் நித்யஸ்ரீ. பிறகு, வழக்கம்போல, மேலே நைட்டியை மாட்டினாள். யாழினி ஆரத்தைப் பிடித்து இழுத்ததால் நைட்டி ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றினாள். அங்கேதான் வினை. ஜிப் முந்தானையைக் கவ்விக்கொண்டது.

மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பூவும் சவுரியுமாக இருந்த தலை அந்தக் கழுத்துக்குள் நுழையவும் வழியில்லை. யாரோ கத்திரிக்கோலை எடுத்தார்கள். “நல்ல காரியத்துல சீர்ச்சேலைக்கிட்டக் கத்திரியக் கொண்டாராதீங்க!” என்று சென்னியம்மாள் அலறினாள். மேடையிலிருந்து சீர் நடத்துகிற அருமைக்காரர் மூன்றாம் முறையாகக் கூப்பிட்டார்.

“நேரமாகுதுங்க. அந்தச் சித்ராப் புள்ள நிக்கட்டும்.”

சித்ரா கூடையைத் தொட்டாள். அவள் அதைத் தூக்குவதற்கு முன்னால் நித்யஸ்ரீயின் கால் கிளம்பிவிட்டது. ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்த மண்டபத்தில், நீல நைட்டியில், தலை நிறைய மல்லிகையோடு விடுவிடுவென்று மேடை ஏறினாள். நாதஸ்வரக்காரர் ஒரு கணம் மூச்சு விட மறந்துபோனார்.

“ஏஞ்சாமி, இது என்ன கோலம்? இணைச்சீருக்குப் புதுச்சேலை கட்டோணுமல்லோ?” என்றார் அருமைக்காரர்.

“கட்டியிருக்கறனுங்க. உள்ளார இருக்குதுங்க.”

நைட்டியின் கீழ்விளிம்பை ஒரு சாண் தூக்கிக் காட்டினாள். மாம்பழநிறமும் ஜரிகைக்கரையும் பளபளத்தன. மண்டபம் குலுங்கிச் சிரித்தது. பெரியவர் குனிந்து கரையைப் பார்த்தார், நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார், மீசையைத் தடவிக்கொண்டார்.

“சேல கட்டியிருக்கோணும்னுதான் முறை. அதுக்கு மேல என்ன போட்டிருக்கோணும்னு எங்கப்பாரு எனக்குச் சொல்லிக் குடுக்கலீங்க. மாப்பள என்ன சொல்றாப்பல?”

“எங்கக்காதானுங்க நிக்கோணும். எப்பிடி வந்தாலும் செரி” என்றான் சபரிநாதன்.

சித்ரா கூடையைக் கொடுத்தாள். அதோடு நிற்காமல், அம்மாவைத் தேடி மேடைக்கே தவழ்ந்து ஏறிய யாழினியையும் தூக்கிக்கொண்டாள். யாழினி உடனே அவள் தோளில் மூக்கைத் துடைத்தது. அதைப் பார்த்த நித்யஸ்ரீக்கு, உண்மையைச் சொன்னால், மனசுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது.

கூறைச்சேலையின் நுனியைத் தம்பி கையில் கொடுத்ததும் அவன் உதடு கோணியது. அழமாட்டேன் என்று பல்லைக் கடித்துப் பார்த்தான். முடியவில்லை, கண்ணோடு மூக்கும் சேர்ந்து ஒழுகியது. கூடையை இடுப்பில் இடுக்கியபடி, யோசிக்காமல், நைட்டிக் கையை இழுத்து அவன் மூக்கைப் பிடித்தாள் நித்யஸ்ரீ. “சிந்துடா” என்றாள். அவனும் சிந்தினான். அந்த நேரம் பார்த்து போட்டோக்காரர் அமுக்கிவிட்டார்.

பிறகு சித்ராவே தேங்காயெண்ணெய் விட்டு ஜிப்பை இறக்கினாள். உள்ளே பட்டில் ஒரு பொட்டுக் கறை இல்லை. போட்டோக்காரர் அப்போது பந்தியில் இருந்தார்.

கல்யாண ஆல்பத்தில் முந்நூறு படம். மாம்பழநிறப் பட்டோடு நித்யஸ்ரீ பதினொன்றில் நன்றாகத்தான் இருக்கிறாள். புதுக்குடித்தனம் போன தம்பி வீட்டுக்கு முதல் தடவை விருந்துக்குப் போனபோது, கூடத்தில் ஆளுயரத்துக்கு ஒரே ஒரு படம் மாட்டியிருந்தது. அதில் அக்கா நீல நைட்டியில் நின்று மாப்பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தாள்.

“டேய், இதக் கழட்டுடா, மானம் போவுது” என்றாள்.

“அதுலதான் அக்கா நீ நீயா இருக்கறே” என்றான் அவன். அவள் திட்ட வாயெடுத்தாள். அதற்குள் வளவன் அவள் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு ஓடிப்போயிருந்தான்.